லிவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டு வரலாறு எழுதுவது எப்படி

பர்மாத் தமிழர் வீடுகளில் கதை இல்லாத வீடு கிடையாது. எழுதி வைத்திருக்கிற வீட்டைத்தான் விரல்விட்டு எண்ணவேண்டும். கேட்டால், "பத்திரம் பாத்திரம் எல்லாம் ஜப்பான் சண்டையில போச்சு, மிச்சம் இருந்தது கடைய எடுத்துக்கிட்டப்ப போச்சு, இனி எதை வச்சு எழுதுறது" என்பார்கள். எங்கள் வீட்டிலும் பல வருஷம் இதே பேச்சுதான். ரங்கூனில் ஒரு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளிடம் உங்கள் பாட்டன் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் "இந்தியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மாவட்டம் தெரியாது, குலதெய்வத்தின் பெயர் தெரியாது, எந்த வருஷம் கப்பலேறினார் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியாது. அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் உறுத்திக்கொண்டிருந்த நாளில்தான் லிவி என்ற பழைய ரோமானிய வரலாற்றாசிரியரைப் படிக்க ஆரம்பித்தேன். பத்திரமெல்லாம் எரிந்துபோன ஓர் ஊரின் வரலாற்றை எழுதி முடித்த மனிதர் அவர். நமக்கு வேண்டிய ஆசான் அவர்தான் என்று அப்போதே தோன்றிவிட்டது.

முழுப்பெயர் தீத்தஸ் லீவியஸ். கி.மு. 59 வாக்கில் பிறந்தவர், சொந்த ஊர் வட இத்தாலியில் இருக்கிற பதாவியம், இன்றைய பதுவா. இதைக் கொஞ்சம் கவனியுங்கள், அவர் ரோம் நகரத்துக்காரர் இல்லை. பதவி வகிக்கவில்லை, படை நடத்தவில்லை. அசினியஸ் பொல்லியோ என்ற பெரிய மனிதர் இவருடைய லத்தீனில் பதாவியத்து வாடை அடிக்கிறது என்று குறை சொன்னார். தமிழ்நாட்டுக்குப் போய் வாயைத் திறந்ததும் "நீங்க எந்த ஊர், பேச்சு ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்கப்பட்ட நம்மவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்த வாடை அடித்த லத்தீனில்தான் ரோம் நகரம் பிறந்த கதையிலிருந்து கி.மு. 9 வரை 142 சுருள்களில் எழுதினார். உங்கள் தமிழில் பர்மியச் சொல் கலந்திருக்கிறது, இலக்கணம் தடுமாறுகிறது என்று தயங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தயக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

எதிலிருந்து படிப்பது

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், பாதியில் களைத்துப்போவீர்கள். 142இல் இன்று முழுசாகவோ அரைகுறையாகவோ கிடைப்பவை 35தான்: 1 முதல் 10 வரை, அப்புறம் 21 முதல் 45 வரை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நான் படித்ததும் அவற்றில்தான். முன்னுரையையும் முதல் சுருளையும் படியுங்கள். அங்கிருந்து நேரே ஐந்தாம் சுருளின் பின்பாதிக்குப் போய்விடுங்கள், கௌல்கள் என்ற வடக்கத்தி இனத்தார் ரோமுக்குள் நுழைந்து கொளுத்திய பகுதி அது. கூடவே ஆறாம் சுருளின் முதல் பத்தி. அதற்குமேல் ஆசை இருந்தால் 21ம் 22ம், ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வருவது அதில்தான்.

ஐந்தாம் சுருளை நான் படித்தது ஒரு மழை நாளில், மின்சாரம் இல்லாமல், போன் வெளிச்சத்தில். கௌல்கள் வருகிறார்கள், கி.மு. 390 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. சனம் நகரத்தை விட்டு ஓடுகிறது. வெஸ்டா கோயில் கன்னிகைகள் சில புனிதப் பொருள்களைச் சாடிகளில் போட்டுப் புதைத்துவிட்டு மிச்சத்தைச் சுமந்துகொண்டு நடந்தே வருகிறார்கள். ஆற்றைத் தாண்டி மேடு ஏறும் இடத்தில் லூசியஸ் அல்பினியஸ் என்ற சாதாரண குடிமகன் மனைவி மக்களை வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டு போகிறான். பூசாரிணிகள் சாமான் சுமந்து நடக்க நானும் என் குடும்பமும் வண்டியில் போவதா என்று மனைவியையும் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு அவர்களை ஏற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் அவன் கதை. பெரிய தளபதி இல்லை, மறுபடி அவனைப் பற்றி விரிவாக எதுவும் வருவதில்லை. ஆனால் பெயரோடு எழுதி வைத்தார் பாருங்கள். எங்கள் அப்பாயி 1942இல் பெகுவிலிருந்து புரோம் பக்கம் நடந்த கதையைச் சொல்லும்போதெல்லாம், ஒரு தெலுங்குக் குடும்பம் தன் கைவண்டியில் இருந்த மூட்டையைக் கீழே தள்ளிவிட்டுக் காய்ச்சலில் கிடந்த எங்கள் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டதைச் சொல்வார். அந்தக் குடும்பத்தின் பெயரை நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. அப்பாயி இப்போது இல்லை. ஆகவே முதல் வேலை இதுதான்: உதவினவர்களின் பெயரைக் கேளுங்கள், சொல்லுகிறவருக்கு நினைவிருக்கும்போதே கேளுங்கள்.

எரிந்துபோனதை எரிந்துபோனது என்று எழுதுங்கள்

ஆறாம் சுருளின் தொடக்கத்தில் லிவி சொல்வதன் சாரம் இது: இதுவரை ஐந்து சுருள்களில் எழுதியதெல்லாம் மிகப் பழையது, வெகு தூரத்தில் தெரிகிற பொருளைப்போல மங்கலானது, அந்தக் காலத்தில் எழுத்து வழக்கமும் குறைவு, இருந்த கொஞ்சமும் நகரம் எரிந்தபோது பெரும்பாலும் அழிந்துபோயிற்று. இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னார். ஆதாரம் இல்லை என்பதற்காக ஏறத்தாழ 360 ஆண்டுக் கதையைத் தூக்கி எறியவும் இல்லை.

நீங்களும் நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுத் தீயைப் பற்றி எழுதுங்கள். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் குண்டு விழுந்தபோது வீடு எந்தத் தெருவில் இருந்தது, என்ன போயிற்று, எதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், 1964இல் கடை அரசுடைமை ஆனபோது கணக்குப் புத்தகங்கள் என்ன ஆயின. அதைப் படித்தால்தான் பின்னால் வருகிற பக்கங்களில் ஏன் இத்தனை ஓட்டை என்று பேரப்பிள்ளைக்குப் புரியும்.

வருஷம் பிடிப்பது

லிவி ஆண்டு ஆண்டாக எழுதினார். ரோமானியருக்கு ஆண்டு என்றால் அந்த ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு கான்சல்களின், அதாவது தலைமை அதிகாரிகளின் பெயர்தான், "இன்னாரும் இன்னாரும் கான்சலாக இருந்தபோது" என்றுதான் கணக்கு. நம் பெரியவர்களும் எண்ணில் சொல்லமாட்டார்கள், நடந்ததை வைத்துத்தான் சொல்வார்கள். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் போதும். "குண்டு போட்ட மார்கழி" என்றால் 1941 கடைசி. "ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்தது" 1942 மார்ச். "வெள்ளைக்காரன் திரும்பி வந்தது" 1945 மே. சுதந்திரம் 1948 ஜனவரி 4. நர்கீஸ் புயல் 2008 மே.

எனக்கு ரொம்பக் கைகொடுத்தது செல்லாத நோட்டுதான். "நோட்டு செல்லாமப் போன வருஷம்" என்று சொன்னால் விடாதீர்கள், எந்த நோட்டு என்று கேளுங்கள். 50ம் 100ம் மட்டும் என்றால் 1964 மே. 20, 50, 100 மூன்றும் என்றால் 1985 நவம்பர். 25, 35, 75 என்றால் 1987 செப்டம்பர், சந்தேகமே வேண்டாம். எங்கள் சித்தப்பா கல்யாணத்தை யாரும் தேதியோடு சொல்லமாட்டார்கள், ஆனால் மொய்ப்பணத்தில் பாதி 75 கியாட் நோட்டாக இருந்து மறுமாசமே காகிதமாகிப்போனது என்று அத்தை அழுதது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கல்யாணம் 1987 ஆவணி என்று அதிலிருந்தே பிடித்துவிட்டேன்.

பழைய கணக்கு நோட்டிலும் கோயில் கல்லிலும் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். விஷு என்றால் 1941-42, குரோதி என்றால் 1964-65; ஆனால் 60 ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்கவேண்டாம். பர்மிய ஆண்டாக இருந்தால் 638ஐக் கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஏப்ரல் புத்தாண்டுக்கு முந்தின மாதங்களுக்கு இன்னும் ஒன்று கூட்டவேண்டும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். மாமா ஒன்று சொல்கிறார், பெரியம்மா இன்னொன்று சொல்கிறார், யாரை எழுதினாலும் மற்றவர் கோபித்துக்கொள்வார். லிவி இதற்கு வைத்திருக்கிற வழி எளிது: இரண்டையும் எழுதிவிடுவார். ரோமை நிறுவிய ரோமுலஸின் உடன்பிறந்தான் ரேமஸ் எப்படிச் செத்தான்? கைகலப்பில் அடிபட்டுச் செத்தான் என்று ஒரு கதை, அண்ணன் கட்டின மதிலைக் கேலியாகத் தாண்டிக் குதித்ததால் ரோமுலஸே கொன்றான் என்று இன்னொரு கதை. இரண்டாவதுதான் அதிகம் பேர் சொல்வது என்று குறிப்பும் போடுவார். ரோமுலஸ் புயல் மேகத்துக்குள் மறைந்து தெய்வமானான் என்று எழுதிய கையோடு, செனட்டர்களே அவனைக் கிழித்துப் போட்டார்கள் என்று அப்போதே சிலர் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள் என்பதையும் எழுதிவிடுவார்.

எங்கள் பெரிய தாத்தா அந்த நடையில் திரும்பி வரவில்லை. புரோமில் காலராவில் போய்விட்டார் என்பது அப்பாயி சொன்னது. அங்கேயே ஒரு பர்மியக் குடும்பத்தோடு தங்கிவிட்டார், சண்டைக்கு அப்புறம் அவரைப் பார்த்தவர்கள் உண்டு என்பது சின்னத்தாத்தா வீட்டுப் பேச்சு. இருபது வருஷம் இந்த இரண்டு வீட்டுக்கும் இதனால் மனத்தாங்கல். நான் இரண்டையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதினேன், யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா கேள்விப்பட்டாரா என்று பக்கத்திலேயே குறித்தேன். இரண்டு வீட்டாரும் படித்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, தங்கள் கதை விட்டுப்போகவில்லை என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எண்ணிக்கை சொல்கிறவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் என்ற நகரத்தை ரோமானியர் பிடித்தபோது கிடைத்த அம்பு எறியும் பொறிகள் எத்தனை என்ற இடத்தில், சிலேனஸ் என்ற கிரேக்கரை நம்பினால் சுமார் 60, வலேரியஸ் அன்டியாஸ் என்ற ரோமானிய ஆசிரியரை நம்பினால் பெரியதில் 6,000, சிறியதில் 13,000 என்று எழுதிவிட்டு, பொய்க்கு ஓர் அளவே இல்லாமல் போய்விட்டது என்று லிவி பொருமுகிறார். வேறோர் இடத்தில், சாவு வீட்டுப் புகழுரைகளும் மூதாதையர் உருவத்தின் கீழ் எழுதிய பொய்ப் பட்டங்களும் வரலாற்றைக் கெடுத்துவிட்டன என்கிறார், ஒவ்வொரு குடும்பமும் பெருமையைத் தன் பக்கம் இழுத்ததாம். நம் ஊரில் ஒரே கோயிலை மூன்று குடும்பத்துத் தாத்தாக்கள் "தனி ஆளாக" கட்டியிருப்பார்கள். வயல் 20 ஏக்கரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ந்து 500 ஏக்கர் ஆகியிருக்கும். மூன்றையும் எழுதுங்கள், ஆனால் எதை நீங்கள் நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வேலையில் பாதிதான் முடிந்தது என்று அர்த்தம்.

கல்லையும் பாத்திரத்தையும் நேரில் பாருங்கள்

கோசஸ் என்பவன் வேயி நாட்டு அரசனைத் தனியாக நின்று கொன்று, அவன் கவசத்தை ஜுபிடர் கோயிலில் வைத்தான். அப்போது அவன் படையில் டிரிபியூன், அதாவது கான்சலுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி என்றுதான் முந்தைய ஆசிரியர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள், லிவியும் அப்படியே எழுதினார். அப்புறம் பேரரசர் அகஸ்தஸ், நான் அந்தக் கோயிலுக்குள் போனேன், நாரிழைத் துணிக் கவசத்தில் இருந்த எழுத்தைப் படித்தேன், கான்சல் என்றிருக்கிறது என்று சொன்னதாகக் கேள்விப்படுகிறார். லிவி பழையதை அழிக்கவில்லை, புதிய செய்தியை அதன் அருகில் வைத்து இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்குகிறார். இது வரைக்கும் அருமை. ஆனால் கோயில் அதே ரோமில்தானே இருந்தது, அவரே போய்ப் பார்த்ததாக எங்கேயும் சொல்லவில்லை. இதில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள்.

நம் வீட்டில் கவசம் இல்லை, சொம்பு இருக்கிறது. பித்தளைச் சொம்பு, அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எதுவானாலும் கழுத்துப் பகுதியிலோ அடியிலோ உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் தெரியாது, சாய்வாக அடித்தால்தான் குழி நிழல் விழுந்து எழுத்து எழும்பும். எங்கள் தாத்தா சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தித்தான் பர்மா வந்தார் என்று வீடு முழுக்கச் சாதிக்கும். சொம்பின் அடியில் அவருடைய முதலெழுத்தோடு "பெகு 1931" என்று இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி அந்த எண்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சொம்பு கைமாறி வந்ததாகவும் இருக்கலாம், அதே முதலெழுத்து வேறொருவருக்கும் இருக்கலாம். ஆகவே இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல், இடுகாட்டுக் கல், கல்யாணப் பத்திரிகை, வெளிநாட்டவர் பதிவு அட்டை, பழைய போட்டோவின் பின்பக்கம் இவையெல்லாமும் நம் ஆவணம்தான். கல்லைப் படம் எடுங்கள், கையாலும் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்ளுங்கள், பிழையோடு இருந்தால் பிழையோடே எழுதுங்கள். வெள்ளையடிக்கும் முன்னால் போய்விடுங்கள், திருப்பணி நடந்த கோயிலில் பழைய கல் எங்கே போயிற்று என்று தேடி அலைந்தவன் சொல்கிறேன்.

பேச்சை இட்டுக்கட்டாதீர்கள்

லிவியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம், கௌல்கள் போன பிறகு ரோமானியத் தளபதி கமில்லஸ் பேசிய பேச்சு. நகரம் சாம்பலாகக் கிடக்கிறது. ரோமானியர் முன்பே பிடித்த வேயி நகரத்தில் வீடு வாசல் எல்லாம் தயாராக இருக்கிறது, எல்லோரும் அங்கே குடிபோய்விடலாம் என்று ஒரு கட்சி. கமில்லஸ் எழுந்து, நம் தெய்வங்கள் இங்கே, இந்தக் குன்று இங்கே, இந்த ஆறு இங்கே, எப்படி விட்டுப் போவது என்று பேசுகிறார். செனட் யோசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே படை நடத்திப்போன ஓர் அதிகாரி தற்செயலாக, "கொடியை இங்கேயே நடு, இங்கேயே இருந்துகொள்வோம்" என்று தன் ஆளுக்கு உத்தரவு போடுகிறான். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு தங்கிவிடுகிறார்கள். 1964இல் இந்தியாவுக்குத் திரும்பும் கப்பலுக்குப் பெயர் கொடுப்பதா இங்கேயே இருப்பதா என்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நடந்த பேச்சும் இதுதானே. இருந்துவிட்டவர்களின் பிள்ளைகள் நாம்.

ஆனால் கமில்லஸின் அந்தப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை, லிவி தாமே ஆக்கியது. அந்தக் கால வரலாற்றாசிரியர்களுக்கு அது வழக்கம், வாசகர்களுக்கும் தெரியும். நமக்கு அது வேண்டாம், கையில் போன் இருக்கிறது, ஒலிப்பதிவு செய்யுங்கள். பெரியவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், "மேஸ்திரி" என்றால் மேஸ்திரி, "கங்காணி" என்று மாற்றாதீர்கள். நேராக "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். மோகிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) தட்டை முன்னால் வைத்து, அந்தக் காலத்தில் காலைச் சாப்பாடு என்ன, அரிசி எங்கே வாங்கினீர்கள், யாருக்குக் கடன் பாக்கி என்று கேளுங்கள், தானாக வரும். பாட்டிமாரைத் தனியாகக் கேளுங்கள், ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

எழுத எழுத வேலை பெருகும், பயப்படவேண்டாம். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் கால் வைத்தவன் போகப்போக ஆழத்துக்குள் போவதைப்போல் இருக்கிறது என்று லிவியே 31ஆம் சுருளில் சொல்கிறார், அப்போது அவருக்கு இன்னும் 111 சுருள் பாக்கி.

கடைசி வேலை, படி எடுப்பது. லிவியின் 107 சுருள்கள் போய்விட்டன. 41 முதல் 45 வரை நமக்குக் கிடைத்ததே ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே ஒரு கைப்பிரதியால்தான், அது ஜெர்மனியில் லோர்ஷ் மடத்தில் 1527இல் கண்டெடுக்கப்பட்டது. நம் மழைக்கும் கறையானுக்கும் ஒரு பிரதி எந்த மூலைக்கு? பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், மை பேனா ஈரத்தில் கரைந்துவிடும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக் குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்புங்கள், அதோடு விடாமல் மூன்று ஜெராக்ஸ் போடுங்கள். எங்களுடையதில் ஒன்று கோயில் அலமாரியில் இருக்கிறது, ஒன்று புதுக்கோட்டைப் பக்கம் அத்தை வீட்டில், மூன்றாவது சின்னத்தாத்தா வீட்டில். அதில் பெரிய தாத்தா பற்றிய பக்கத்தின் கீழே அவர்கள் ஒரு புது வரி எழுதியிருக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னார்கள். இந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் போய்ப் பார்த்து, மற்ற இரண்டு பிரதியிலும் ஏற்றவேண்டும்.